யார் வாங்கியது என்று சொல்லாத காசு



கொஞ்சம் நீளமான பதிவு இது. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். மின்னூல் வாங்குவது பற்றியது என்றாலும், பெரும்பகுதி காசைப் பற்றித்தான் இருக்கும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். பொலிஸார் ஒரு வீட்டைச் சோதனையிடுகிறார்கள். உள்ளே போதைப்பொருள் தயாரிக்கும் சாமான்கள். அவற்றோடு, போதைப்பொருள் தயாரிப்பது எப்படி என்று சொல்லும் இரண்டு புத்தகங்கள். வெளியே குப்பையில் வெறுமையான தபாலுறை ஒன்று கிடக்கிறது. டென்வர் நகரின் பிரபலமான 'டட்டர்ட் கவர்' புத்தகக் கடையிலிருந்து வந்த உறை. அதில் வாடிக்கையாளரின் பெயரும் பில் இலக்கமும் இருந்தன. இந்த உறையில்தான் அந்தப் புத்தகங்கள் வந்திருக்க வேண்டும், பெறுநர்தான் குற்றவாளி என்று பொலிஸார் முடிவுகட்டி, நீதிமன்ற ஆணையோடு கடைக்குப் போனார்கள்.

கடையின் உரிமையாளர் ஜோய்ஸ் மெஸ்கிஸ் என்ற பெண்மணி. "என் வாடிக்கையாளர் என்ன வாசிக்கிறார் என்பதை நான் சொல்ல மாட்டேன்" என்ற நிலைப்பாட்டில் அவர் உறுதியாக நின்றார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002 ஏப்ரலில் தீர்ப்பு கடையின் பக்கம் வந்தது. ஒருவர் தன் பெயர் வெளிப்படாமல் புத்தகம் வாங்கி வாசிப்பது அரசியலமைப்பு காக்கும் உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த உறையில் வந்தது என்ன என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஜப்பானிய எழுத்துக்களை எழுதப் பழகும் புத்தகம்!

இரண்டு வருட வழக்கு. அந்த மனிதர் கடைக்கு நேரே போய், மேசையில் காசை வைத்துப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தால் உறையும் இல்லை, பில் இலக்கமும் இல்லை, வழக்கும் இல்லை. கடதாசிக் காசுக்கு ஞாபகசக்தி கிடையாது. நூறு ரூபாய்த் தாள் நம் கைக்கு வருமுன் யார் கையில் இருந்தது என்று அது சொல்லாது. நாம் அதை எதற்குக் கொடுத்தோம் என்றும் சொல்லாது. காலங்காலமாக வாசகர்களைப் பாதுகாத்தது பெரும்பாலும் சட்டமல்ல, காசின் இந்த மறதிதான். யாரும் திட்டமிட்டு வைத்த பாதுகாப்பு அல்ல என்பதால், அது காணாமல் போனபோதும் யாரும் கவனிக்கவில்லை.

இல்லை, ஒருவர் கவனித்தார். டென்வர் சம்பவத்துக்குப் பதினெட்டு வருடங்களுக்கு முன்பே.

அவர் பெயர் டேவிட் சோம். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்த இளைஞர். 1982இல் சாந்தா பார்பராவில் நடந்த மறைகுறியியல் மாநாட்டில் ஒரு கட்டுரை வாசித்தார். சில பக்கங்களே கொண்ட சின்னக் கட்டுரை. இலத்திரனியல் கொடுப்பனவுகள் பெருகினால் ஒரு மனிதன் எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான், எப்படி வாழ்கிறான் என்பதெல்லாம் நடுவில் நிற்கும் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே சொல்கிறார். அதற்கு உதாரணமாக எவற்றுக்கெல்லாம் காசு கொடுக்கிறோம் என்று ஒரு பட்டியலும் தருகிறார். பிரயாணம், ஹோட்டல், மருந்து என்று போகும் அந்தப் பட்டியலில் புத்தகங்களும் சஞ்சிகைகளும் இருக்கின்றன. சமயத்துக்கும் அரசியலுக்கும் கொடுக்கும் நன்கொடைகளும் இருக்கின்றன. இணையத்தளம் என்ற ஒன்றே இல்லாத 1982இல் எழுதியது இது. நம்மவர்கள் இதை ஒருமுறை நிதானித்து வாசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சோம் பயந்ததோடு நிற்கவில்லை, மருந்தையும் கூடவே கொண்டுவந்தார். அதன் பெயர் குருட்டுக் கையொப்பம். வங்கி ஒரு கடதாசியில் கையொப்பமிடும். ஆனால் எதில் கையொப்பமிட்டது என்று வங்கிக்கே தெரியாது. இது எப்படிச் சாத்தியம்?

அவரே சொன்ன உவமை காபன் தடவிய கடித உறை. நாம் சிறுவயதில் பில் புத்தகங்களுக்கிடையே காபன் கடதாசி வைத்து எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் மனதில் தோன்றிய நீளமான இலக்கமொன்றை எழுதி, உள்ளே காபன் தடவிய உறையொன்றில் போட்டு ஒட்டி வங்கிக்குக் கொண்டுபோகிறோம். வங்கி நம் கணக்கிலிருந்து நூறு ரூபாயைக் கழித்துவிட்டு, உறைக்கு மேலே நூறு ரூபாய்க்குரிய கையொப்பத்தை அழுத்தி இடுகிறது. காபன் வழியே கையொப்பம் உள்ளே இருக்கும் துண்டிலும் பதிகிறது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தெறிகிறோம். கையில் இருப்பது வங்கியின் கையொப்பம் உள்ள ஒரு துண்டு. அதன் இலக்கத்தை வங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. அதைப் புத்தகக் கடையில் கொடுக்கிறோம். கடைக்காரர் வங்கிக்கு அனுப்புகிறார். கையொப்பம் தன்னுடையதுதான் என்று வங்கி பார்க்கிறது, காசைக் கொடுக்கிறது. ஆனால் இந்த இலக்கம் எந்த உறைக்குள் இருந்தது, யாருடைய உறை என்று கண்டுபிடிக்க அதற்கு வழியே இல்லை.

உள்ளே ஆயிரம் என்று எழுதி வைத்து ஏமாற்றினால்? முடியாது. நூறுக்கு ஒரு கையொப்பம், ஆயிரத்துக்கு வேறு கையொப்பம். உள்ளே என்ன எழுதினாலும் மேலே விழுந்த கையொப்பம்தான் பெறுமதி.

இதைக் கணிதத்தில் செய்வதுதான் சோமின் சாதனை. உயர்தரத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சின்ன உதாரணம் ஒன்று தருகிறோம். கணக்கு ஒத்துவராதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், குறைவொன்றும் இல்லை. எல்லாக் கணக்கையும் 33ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுக்க வேண்டும். வங்கியின் இரகசியம் 7. அதாவது எந்த இலக்கம் வந்தாலும் அதன் ஏழாம் அடுக்கை எடுப்பதுதான் கையொப்பம். கையொப்பத்தைச் சரிபார்க்கும் வழி எல்லோருக்கும் தெரியும்: மூன்றாம் அடுக்கை எடுத்தால் பழைய இலக்கம் திரும்ப வரவேண்டும். நம் காசின் இலக்கம் 5 என்று வைப்போம். அதை மறைக்க 2 என்ற இரகசிய இலக்கத்தைத் தெரிவுசெய்து, அதன் மூன்றாம் அடுக்கான 8ஆல் பெருக்குகிறோம். 40, மீதி 7. இந்த 7தான் ஒட்டிய உறை. வங்கி அதன் ஏழாம் அடுக்கை எடுத்து 28 என்று திருப்பித் தருகிறது. நாம் நமது 2ஆல் வகுக்கிறோம், 14. இதுதான் வங்கியின் கையொப்பம். சரிபாருங்கள்: 14இன் மூன்றாம் அடுக்கு 2744, 33ஆல் வகுத்தால் மீதி 5. வங்கி கண்டது 7ஐயும் 28ஐயும். கடைக்குப் போவது 5உம் 14உம். உண்மையான காசில் இந்த 33இன் இடத்தில் நூற்றுக்கணக்கான இலக்கங்கள் நீளமுள்ள எண் இருக்கும். 5க்குப் பதிலாக 4ஐ வைத்துப் பிள்ளைகளைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள், கையொப்பம் 16 வரவேண்டும்.

இலத்திரனியல் காசுக்கு ஒரு பழைய நோய் உண்டு. கோப்பைப் பிரதி எடுப்பதுபோல் காசையும் பிரதி எடுத்து இரண்டு கடையில் கொடுக்கலாம். செலவான இலக்கங்களின் பட்டியலை வங்கி வைத்திருந்தால் இரண்டாவது முறை பிடிபடும். ஆனால் அதற்குக் கடை ஒவ்வொரு தடவையும் வங்கியிடம் கேட்க வேண்டும். 1988இல் சோம், பியட், நாவோர் மூவரும் சேர்ந்து அதற்கும் ஒரு வழி சொன்னார்கள். ஒருமுறை செலவழித்தால் நம் பெயர் எவருக்கும் தெரியாது. அதே காசை இரண்டாவது முறை செலவழித்தால், இரண்டு தடவையும் கொடுத்த துண்டுத் தகவல்கள் ஒன்றுசேர்ந்து மோசடிக்காரரின் அடையாளத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நேர்மையானவனுக்கு மறைவு, ஏமாற்றுபவனுக்கு வெளிச்சம். சட்டத்தால் செய்ய முடியாத ஒன்றைக் கணக்கு செய்து காட்டிய இடம் இது என்றே நாம் நினைக்கிறோம்.

சோம் நெதர்லாந்துக்குப் போய் அம்ஸ்டர்டாமில் 'டிஜிகேஷ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் காசுக்குப் பெயர் 'ஈகேஷ்'. 1994இல் பரீட்சார்த்தமாக விளையாட்டுக் காசு விநியோகித்தார்கள். சேர்ந்த ஒவ்வொருவருக்கும் 100 'சைபர்பக்ஸ்'. அடுத்து உண்மையான காசு. 1995 ஒக்டோபரில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள மார்க் ட்வைன் வங்கி டொலரில் ஈகேஷ் கொடுக்கத் தொடங்கியது. எழுத்தாளர் ஒருவரின் பெயர் கொண்ட வங்கி! ஜேர்மனி, ஒஸ்திரியா, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் வங்கிகளும் பிறகு சேர்ந்தன.

அதே 1995ஆம் ஆண்டின் ஜூலையில் சியாட்டில் நகரில் ஒரு கடை திறந்தது. இணையத்தில் புத்தகம் மட்டும் விற்கும் கடை. அமேசன். அடையாளம் கேட்காத காசும், இணையத்தின் மிகப் பெரிய புத்தகக் கடையும் மூன்று மாத இடைவெளியில் பிறந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்திருந்தால் மின்னூலின் வரலாறே வேறாக இருந்திருக்கும். சேரவில்லை. கடை கடனட்டையின் பக்கம் போனது.

அந்நாட்களில் எல்லோருக்கும் இருந்த பயம், இணையத்தில் அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் திருடர் எடுத்துவிடுவார்கள் என்பது. உலாவியில் தெரியும் அந்தச் சின்னப் பூட்டு இந்தப் பயத்தைத் தீர்க்க வந்தது. அது நல்ல பூட்டுதான், வழியில் நிற்கும் திருடனைத் தடுக்கும். ஆனால் நாம் எந்தப் புத்தகம் வாங்கினோம் என்பதைக் கடையிடமிருந்து அது மறைக்காது. எந்தக் கடைக்கு, எப்போது, எவ்வளவு கொடுத்தோம் என்பதை வங்கியிடமிருந்தும் மறைக்காது. மக்கள் பூட்டைப் பார்த்து நிம்மதியானார்கள். பூட்டுக்கு உள்ளே இருப்பவர் யார் என்று கேட்கவில்லை.

மார்க் ட்வைன் வங்கியில் ஈகேஷுக்குச் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் மட்டுமே. கடைகள் குறைவு என்பதால் ஆட்கள் வரவில்லை. ஆட்கள் வராததால் கடைகளும் வரவில்லை. 1997இல் அந்த வங்கியை இன்னொரு வங்கி வாங்கியது, ஈகேஷ் நின்றது. 1998இல் டிஜிகேஷ் வங்குரோத்தானது. இணையம் பரவப்பரவ சாதாரண மக்கள் வந்து சேர்ந்தார்கள், அவர்களுக்கு அந்தரங்கத்தின் முக்கியத்துவத்தை விளங்கப்படுத்துவது கடினமாக இருந்தது என்ற கருத்தில் சோம் பிறகு பேசினார். இதில் நாம் அவரோடு முழுதாக உடன்படவில்லை. விளங்காத பாடத்துக்கு மாணவரைக் குறைசொல்வது ஆசிரியருக்கு அழகல்ல. அதோடு, அந்த முறைக்குக் காப்புரிமை இருந்தது. பிறர் எடுத்துச் சுதந்திரமாக வளர்க்க முடியாதபடி ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. வங்கிகளுக்கும் கடைகளுக்கும் வாடிக்கையாளரின் தகவல் இலாபம். அந்த இலாபத்தை அவை ஏன் தாமாக விட்டுக்கொடுக்க வேண்டும்?

கணக்கு தோற்கவில்லை, வியாபாரம்தான் தோற்றது. அதற்குப் பிறகு வாசகர்களுக்கு நடந்தவற்றைப் பார்ப்போம்.

2006இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் அரச வழக்கறிஞர்கள், பழைய புத்தகங்களை அமேசன் ஊடாக விற்ற ஒருவரின் வரி மோசடியை விசாரித்தார்கள். அவரிடம் வாங்கியவர்களின் பெயர்களைக் கொடு என்று அமேசனைக் கேட்டார்கள். வாங்கியவர்கள்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. அவர்கள் வெறும் சாட்சிகள். அமேசன் மறுத்தது, நீதவானும் அமேசனின் பக்கம் நின்றார். வழக்கு ஆவணங்கள் 2007 நவம்பரில் பகிரங்கமாயின. அதே மாதம்தான் அமேசன் 'கிண்டில்' என்ற மின்னூல் வாசிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த வழக்கில் அமேசன் நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெயர்ப்பட்டியல் என்ற ஒன்று இருந்தபடியால்தானே அதைக் கேட்டு ஒருவர் வந்தார்.

கடதாசிப் புத்தகத்தில் கடைக்குத் தெரிவது எதை வாங்கினோம் என்பது மட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தோமா, அலுமாரியில் வைத்தோமா, கூட்டாளிக்குக் கொடுத்தோமா என்று எதுவும் தெரியாது. மின்னூல் அப்படியல்ல. 2014 ஒக்டோபரில் ஒரு விஷயம் வெளிவந்தது. அடோபி நிறுவனத்தின் மின்னூல் வாசிப்பு மென்பொருள், வாசகர் எந்தப் புத்தகத்தைத் திறந்தார், எந்தப் பக்கங்களைப் புரட்டினார் என்ற தகவல்களை நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதுவும் மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல், வழியில் நிற்கும் எவரும் பார்க்கக்கூடிய விதமாக. நூலகங்களில் இரவல் எடுத்த மின்னூல்களை வாசித்தவர்கள்கூட அந்த மென்பொருளைத்தான் பாவித்தார்கள்.

அதற்கு முன்னரே, 2009 ஜூலையில், கிண்டில் வைத்திருந்த சிலர் காலையில் எழுந்து பார்த்தபோது தாம் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் கருவியில் இல்லை. விற்ற நிறுவனத்துக்கு அமெரிக்காவில் விற்கும் உரிமை இல்லாதிருந்தது தெரியவந்ததும் அமேசன் தூரத்திலிருந்தே அவற்றை அழித்துவிட்டது. காசைத் திருப்பிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் மிச்சிகன் மாநிலத்தில் பாடசாலை மாணவர் ஒருவர் பாடத்துக்காக எழுதி வைத்த குறிப்புகள் புத்தகம் இல்லாமல் பயனற்றுப் போயின. அவர் வழக்குப் போட்டார். அமேசன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, 150,000 டொலருக்கு இணக்கத்துக்கு வந்தது. அழிந்த புத்தகங்கள் எவை தெரியுமா? ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை'. அந்த '1984' நாவலில் வரும், எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கும் 'பெரிய அண்ண'னை வேலையற்றவனாக்கும் முறை என்றுதான் சோம் 1985இல் எழுதிய தன் முக்கியமான கட்டுரைக்கு உபதலைப்பே வைத்திருந்தார்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்களை நாம் மறக்கவில்லை. வீட்டு அலுமாரியில் என்ன புத்தகம் இருக்கிறது என்று பயந்து பயந்து பார்த்த நாட்கள் அவை. அறபு எழுத்து இருந்தாலே போதும் என்ற நிலை. 2020 மே மாதத்தில் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பின் பெயரால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2021இல் இஸ்லாமிய நூல்களை இறக்குமதி செய்யப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று வந்தது. அலுமாரியிலுள்ள புத்தகத்தை ஒருவர் வந்து பார்த்தால்தான் தெரியும். அட்டையால் வாங்கிய மின்னூலின் பட்டியலைப் பார்க்க யாரும் வீட்டுக்கு வரத் தேவையில்லை. அழித்துவிட்டோம் என்று நாம் நினைத்தாலும் கடையின் பதிவேட்டில் அது இருக்கும்.

இப்போது ஒரு கேள்வி வரும். "அப்படியென்றால் பிட்காயின்தானே?" இல்லை. 2009இல் தொடங்கிய பிட்காயினில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் உலகமே பார்க்கும் பதிவேட்டில் எழுதப்படுகிறது. பெயருக்குப் பதிலாக ஒரு நீளமான இலக்கம் இருக்கும், அவ்வளவுதான். அந்த இலக்கம் யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் பழைய கொடுக்கல் வாங்கல்களையும் தொடர்ந்து போய்ப் பார்க்கலாம். அதோடு அது புதிய நாணயம், விலை ஏறி இறங்கும். அது கூடுமா கூடாதா என்ற விவாதம் ஆலிம்களுக்குரியது. சோமின் முறையில் புதிய நாணயமே கிடையாது. நம் வங்கியிலுள்ள அதே ரூபாய், அதே டொலர், சில்லறைக் காசின் குணத்தோடு வெளியே வருகிறது. ஏற்ற இறக்கமும் இல்லை, சூதும் இல்லை. உண்டியல் முறையா என்றால் அதுவும் இல்லை. உண்டியலில் நடுவில் நிற்கும் மனிதருக்கு எல்லாம் தெரியும், அவரை நம்பித்தான் ஆகவேண்டும். இங்கே நடுவில் நிற்பவரை நம்ப வேண்டியதில்லை, அவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது. மறைவான காசு என்றால் கறுப்புப் பணத்துக்கும் இலஞ்சத்துக்கும் வழி திறந்துவிடாதா? சோமின் யோசனையை மீண்டும் எடுத்துவந்தவர்கள் இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் உழைத்தார்கள். அவர்கள் செய்த மென்பொருளின் பெயர் 'க்னூ டாலர்'. நாம் சொல்லும் அமெரிக்க டொலர் அல்ல இது. அந்த டொலருக்கே பெயர் கொடுத்த பழைய ஜேர்மன் வெள்ளி நாணயத்தின் பெயர். (ஒஸ்திரியாவின் மரியா தெரேசா மகாராணியின் உருவம் பொறித்த அந்த வெள்ளி நாணயம் யெமனிலும் ஹிஜாஸிலும் இருபதாம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது. மகாராணி இறந்த 1780ஆம் ஆண்டைப் பொறித்தே அதற்குப் பிறகும் அடித்தார்கள்.) கிறிஸ்டியன் குரோத்தோஃப் என்ற ஜேர்மன் கணினி விஞ்ஞானியும் அவரது குழுவினரும் பத்து வருடங்களுக்கு மேலாக இதில் வேலை செய்கிறார்கள். மென்பொருள் முழுவதும் திறந்தது. யாரும் பார்க்கலாம், மாற்றலாம்.

அதில் வாங்குபவர் மறைந்திருப்பார், விற்பவர் மறைய முடியாது. கடைக்காரர் காசைத் தன் வங்கிக் கணக்கில் போட்டே ஆகவேண்டும், அவருடைய வருமானம் முழுதும் கணக்கில் தெரியும். வரி ஏய்க்க முடியாது. இலஞ்சம் வாங்குபவரும் ஒருவகையில் விற்பவர்தானே, அவர் பக்கம் வெளிச்சம் விழும். ஆனால் மாணவி ஒருத்தி மனநோய் பற்றியோ, விவாகரத்துச் சட்டம் பற்றியோ, இன்னொரு சமயத்தைப் பற்றியோ ஒரு மின்னூல் வாங்கினால் அது அவளுக்கும் அவளைப் படைத்தவனுக்கும் மட்டும் தெரியும். இந்தப் பங்கீடு நியாயமானது என்பது நமது அபிப்பிராயம். கடதாசிக் காசு இருபக்கமும் மறைக்கிறது, அட்டை இருபக்கமும் காட்டுகிறது. இது பலவீனமான பக்கத்தை மட்டும் மறைக்கிறது.

மிச்சக் காசு ஒரு தலைவலியாக இருந்தது. ஐந்து ரூபாய்க் காசைக் கொடுத்து மூன்று ரூபாய்க்கு வாங்கினால் மீதி இரண்டு ரூபாய் புதிய காசாக வரவேண்டும். அது பழைய காசோடு தொடர்பு தெரியாமலும் வரவேண்டும், அதேவேளை அந்த வழியாக இன்னொருவருக்குக் களவாகக் காசு மாற்றவும் முடியாதிருக்க வேண்டும். அதற்கும் ஒரு கணித வழி செய்திருக்கிறார்கள். விபரம் நீளமாகும், இன்னொரு நாள் பார்ப்போம்.

2021இல் சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி ஒரு ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. மத்திய வங்கியே இலத்திரனியல் காசு வெளியிடுவதானால் எப்படி வெளியிடலாம் என்பது பற்றியது. எழுதியவர்கள் மூவர்: அந்த வங்கியைச் சேர்ந்த தோமஸ் மோசர், குரோத்தோஃப், டேவிட் சோம். 1982இல் கட்டுரை வாசித்த அதே சோம், முப்பத்தொன்பது வருடங்கள் கழித்து. 2025இல் டாலர் மென்பொருளின் 1.0 பதிப்பு வந்தது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். காசு மட்டும் மறைந்தால் போதாது. நாம் டாலரால் வாங்கிய மின்னூலைத் திறக்க, பெயரும் மின்னஞ்சலும் கொடுத்த கணக்கொன்றுக்குள் நுழைய வேண்டுமென்றால் முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். கருவியே பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கும். புத்தகம் நம் கைக்குச் சாதாரணக் கோப்பாக வரவேண்டும், எந்தக் கருவியிலும் திறக்கவேண்டும், யாரும் தூரத்திலிருந்து அழிக்க முடியாதிருக்க வேண்டும். முடியாத காரியமல்ல. விஞ்ஞானப் புனைகதைகள் வெளியிடும் அமெரிக்காவின் டோர் பதிப்பகம் 2012இல் தன் மின்னூல்களிலிருந்து பூட்டை அகற்றியது, இன்னும் வியாபாரம் செய்துகொண்டுதான் இருக்கிறது. 1971இல் மைக்கல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பேர்க் திட்டத்தின் புத்தகங்களுக்குப் பூட்டும் இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை. நம் நாட்டு எழுத்துக்களை 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் இணையத்தளமும் அப்படித்தான். முஸ்லிம் எழுத்தாளர்களின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் அங்கே கிடைக்கின்றன. அவை இலவசம். காசு கொடுத்து வாங்கும் புத்தகத்துக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும், எழுதியவருக்கும் கூலி போகவேண்டும் என்பதுதான் கேள்வி.

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1997இல் 'வாசிக்கும் உரிமை' என்று ஒரு சிறுகதை எழுதினார். கூட்டாளிக்குத் தன் கணினியை இரவல் கொடுத்தால் அவள் அதிலுள்ள புத்தகங்களை வாசித்துவிடுவாளே, அது குற்றமாயிற்றே என்று தவிக்கும் மாணவன் ஒருவனின் கதை. அப்போது பலர் சிரித்தார்கள். டாலர் மென்பொருளைப் பரீட்சித்துப் பார்க்கவென்று அதன் குழுவினர் இணையத்தில் ஒரு மாதிரிக் கடை வைத்திருக்கிறார்கள். அங்கே விற்பது இதே ஸ்டால்மனின் கட்டுரை நூலொன்று, அத்தியாயம் அத்தியாயமாக. காசு 'குடோஸ்' என்ற விளையாட்டுக் காசு, 1994இன் சைபர்பக்ஸ் போல. தலைப்பை அழுத்தினால் பணப்பை திறக்கும், சம்மதம் சொன்னால் கட்டுரை திரையில் வரும். வாங்குபவரின் பெயரை அந்தக் கடை கேட்பதில்லை.